நாற்பது பதில்கள், ஒரே கருத்து

கல்லூரி வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால் வாய் திறப்பவர்கள் நான்கைந்து பேர்தான். அனேகமாக முன் பெஞ்ச். அனேகமாக ஆங்கில மீடியம். மற்றவர்கள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். இந்த மௌனத்தைக் கலைக்கும் என்றுதான் ஆன்லைன் விவாதம் வரவேற்கப்பட்டது. மத்திய அரசு 2017 ஜூலையில் துவக்கிய 'ஸ்வயம்' திட்டத்தில் வீடியோ பாடம், குறிப்புகள், சுயதேர்வு ஆகியவற்றோடு மாணவர் விவாதமும் ஓர் அங்கம். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படிப் படிக்கலாம் என்று 2021-ல் யு.ஜி.சி. அனுமதித்தது.

எதிர்பார்ப்பில் நியாயம் இருக்கிறது. எழுதும்போது யோசிக்க அவகாசம் கிடைக்கிறது. உச்சரிப்பைக் கேட்டு யாரும் சிரிக்க முடியாது. வகுப்பில் வருடம் முழுக்கப் பேசாத மாணவி, இரவு பத்து மணிக்கு நான்கு பத்தி எழுதி அனுப்பி ஆசிரியரைத் திகைக்க வைப்பதுண்டு.

ஆனால் பேச்சு பெருகுவது வேறு, சிந்தனை கூர்மையாவது வேறு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் கம்ப்யூட்டர் வழி நடந்த வகுப்பு விவாதங்களின் பதிவுகளை வகை பிரித்து 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 42 சதவீதப் பதிவுகள் ஆளுக்கொரு கருத்தை எடுத்து வைத்ததோடு சரி. கருத்துகளை இணைத்துப் பார்த்தவை 13 சதவீதம். தீர்வை எட்டியவை வெறும் 4. சிறிய ஆய்வுதான். ஆனால் பின்னர் வந்த பல ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன.

கோளாறு பெரும்பாலும் கேள்வியில். "பணவீக்கம் என்றால் என்ன?" என்று கேட்டால் முதல் பதிலோடு விவாதம் முடிந்தது. அடுத்த நாற்பது பேர் அதையே வார்த்தை மாற்றி எழுதுவார்கள். பங்கேற்புக்கு மதிப்பெண் உண்டென்றால் கேட்கவே வேண்டாம். மாறாக, 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்கு விதிக்கப்பட்ட தடை சரியா என்று கேட்டு, பாதிப் பேரை நாசிக் விவசாயி பக்கமும் பாதிப் பேரை டெல்லியில் வெங்காயம் வாங்கும் குடும்பத்தின் பக்கமும் நிறுத்தினால், அடுத்தவர் எழுதியதைப் படிக்காமல் பதில் சொல்ல முடியாது.

அடுத்தவரை மறுக்கத் துணிவு வேண்டும். மறுத்தாலும் நட்பு நிலைக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டும். சிக்கல் இங்கேதான். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது பல வகுப்புகளைச் சேர்த்து வைத்திருந்தது வாட்ஸ்அப். அனேகமாக வகுப்புக்கு இரண்டு குரூப்கள். ஆசிரியர் இருக்கும் குரூப்பில் "ஓகே சார்", "தேங்க்யூ மேடம்", கூப்பிய கைகள். நிஜப் பேச்சு ஆசிரியர் இல்லாத குரூப்பில். தேர்வுக்கு முந்தைய இரவு விடிய விடியச் சந்தேகம் தீர்த்துக்கொள்வதும் அங்கேதான். ஆனால் பேச்சு இட ஒதுக்கீட்டுப் பக்கம் திரும்பினால் வாதம் வராது, கிண்டல் ஸ்டிக்கர் வரும். ஒதுக்கீட்டில் இடம் பெற்றவர் பேசாமல் இருந்துவிடுவார். பத்துப் பேர் தனி குரூப் துவக்குவார்கள். அதில் யாரைச் சேர்க்கவில்லை என்பது மறுநாள் கேன்டீன் மேஜையிலேயே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் கவனித்து விவாதத்தை நடத்திச் செல்ல ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும். அறுபது பேர் எழுதியதைப் படிக்க அவருக்கு ஓர் இரவு போதாது. அந்த நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் கல்லூரிகள் அரிது.