ஃபிட்டரும் இன்ஜினியரும்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் மெக்கானிக்கல் இன்ஜினியருக்குத் திருப்பூரில் பெரிதாக வேலை கிடையாது. ஊரெல்லாம் இயந்திரம்தான், ஆனால் அதற்கு ஃபிட்டர் போதும். 1925 வாக்கில் இங்கே வேரூன்றிய பனியன் தொழில், 1970-களின் கடைசியில் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் டி-சர்ட் தேடி வந்தபின் ஏற்றுமதிப் பக்கம் திரும்பியது. அப்போதும் நிட்டிங் மெஷினின் பக்கத்தில் நின்றே தொழில் பழகிய ஃபிட்டர்தான் ராஜா. துணியில் நெடுக ஒரு கோடு விழுந்தால், எந்த ஊசி கெட்டிருக்கிறது என்று தேடிப் பிடித்து மாற்றிவிடுவார். பட்டம் வாங்கியவர்கள் மோட்டாருக்கும் வண்டி உதிரிபாகத்துக்கும் கோவை, ஓசூர், சென்னை என்று போய்விட்டார்கள்.

சரக்கு நகர்வைக் கவனிக்கத் தனி ஆளும் இல்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம், காம்பேக்டிங், பிரிண்டிங் ஒவ்வொன்றும் வேறு வேறு பட்டறை. முதலாளியே ஸ்கூட்டரில் அலைவார். கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்: "நாளைக்கு வந்துருமுங்க." வராத நாளின் கணக்கை ஒண்ணரை ஷிப்ட் போட்டுத் தையல் பிரிவில்தான் தீர்த்தார்கள்.

இன்று அதே மெக்கானிக்கல் பட்டதாரி, ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர்) என்ற அடையாள அட்டையோடு பவர் டேபிள் தையல் மெஷின்களுக்கு நடுவே நிற்கிறார். கையில் ஸ்டாப்வாட்ச். 30 டெய்லர்கள், 480 நிமிடம் என்றால் கையிருப்பு 14,400 நிமிடம். ஒரு சட்டைக்கு 12 நிமிடம் ஆகுமானால் 1,200 பீஸ் வர வேண்டும். 600 வந்தால் மிச்சப் பாதி எங்கே போனது? கழுத்துப் பட்டி வைப்பவரிடம் பண்டில் குவிந்து, அடுத்த ஓவர்லாக் சும்மா கிடக்கிறதா? கட்டிங்கே வரவில்லையா? அதைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை.

இதெல்லாம் கார் தொழிற்சாலைப் பாடம் என்பார்கள். அரை உண்மைதான். நூல் அறுந்தால் தானே நிற்கும் தறியை 1924-இல் ஜப்பானில் உருவாக்கியவர் சகிச்சி டொயோடா. அவர் குடும்பம் கார் கம்பெனி தொடங்கியது 1937-இல். தவறு நேர்ந்த இடத்திலேயே நிறுத்து என்ற டொயோட்டாவின் புகழ்பெற்ற விதி, தறியிலிருந்து காருக்குப் போனது. இப்போது பொறியியல் புத்தகம் வழியாகத் துணிக்கே திரும்பியிருக்கிறது.

சரக்குச் சங்கிலியின் பாடத்தை மட்டும் ஊர் தானே கற்றது, அதுவும் பலமாக அடிபட்டு. நொய்யல் ஆற்றின் மாசுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, வெளி மாநிலங்களுக்குத் துணியை அனுப்பிச் சாயமேற்றி வாங்க வேண்டியதாயிற்று. ஒரு கண்ணி அறுந்தால் தூத்துக்குடியில் கப்பல் காத்திருக்காது என்பது எல்லோருக்கும் உறைத்தது.

ஆனால் காரில் பழகிய கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. பின்னலாடைத் துணி இழுபடும், சுருங்கும். ரோலைப் பிரித்துப் போட்டு ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும். கார் மாடல் ஆண்டுக்கணக்கில் ஓடும். இங்கே டெய்லரின் கை ஒரு ஸ்டைலுக்குப் பழகுவதற்குள் ஆர்டரே முடிந்துவிடும். கல்லூரியில் இதைச் சொல்லித் தருவதில்லை.

சொல்லித் தராத இன்னொன்றும் உண்டு. ஸ்டாப்வாட்சைக் கண்டதும் பீஸ் ரேட் டெய்லரின் கை மெதுவாகிறது. சோம்பல் இல்லை, விவரம். நிமிடம் குறைந்தால் அடுத்த முறை ரேட்டும் குறையும் என்று அவருக்குத் தெரியும். பழைய ஃபிட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் மல்லுக்கட்டியது இரும்போடு மட்டும். இளம் இன்ஜினியரின் எக்செல் தாளில் மிச்சமான நிமிடத்துக்குக் கட்டம் இருக்கிறது. அந்த மிச்சத்தில் டெய்லருக்கு எவ்வளவு என்பதற்குக் கட்டம் போட்ட தாளை நான் இன்னும் பார்க்கவில்லை.