ஓசூர், கிருஷ்ணகிரி சுற்றிப் பார்க்கக் கிளம்பும் முன் கம்ப்யூட்டரில் அரை மணி நேரம்

ஓசூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக ஒகேனக்கல் கிளம்பினோம். போனில் மேப்பைத் திறந்து ஊர் பெயரைக் கொடுத்ததும், தூரம் குறைவு என்று தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியைக் காட்டியது. மாலையில் அதே வழியில் திரும்பும்போது காட்டுக்குள் டவர் போய்விட்டது. திரையில் வெறும் சாம்பல் நிறக் கட்டம், நடுவில் ஒரு நீலப் புள்ளி. பாதை பிரியும் இடம் ஒன்று வந்தது. "மாமா, நெட் இல்ல. இப்ப எந்தப் பக்கம்?" என்றான் தங்கை மகன். இருட்டிக் கொண்டிருந்தது. அது யானைகள் நடமாடும் காடு. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் வழி சொல்லியிருக்காவிட்டால் என்ன செய்திருப்போம் என்று தெரியவில்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், "மேப் எல்லாம் போனில்தானே, கம்ப்யூட்டர் எதற்கு?" என்று கேட்கிறார்கள். அன்று எங்களுக்கு நடந்ததற்குக் காரணமே, வீட்டில் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் கிளம்பியதுதான்.

முதலில் ஒன்றைப் புரிந்து கொள்ளுங்கள். நீலப் புள்ளி வேறு, மேப் படம் வேறு. நீலப் புள்ளி ஜி.பி.எஸ். தருவது. பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால், போன் தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்கிட்டுக் கொள்ளும். இதற்கு டவரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். ஆனால் அந்தப் புள்ளிக்குக் கீழே தெரியும் சாலைகள், ஊர்கள், கடைகள் எல்லாம் இன்டர்நெட் வழியாக அவ்வப்போது இறங்குபவை. டவர் போனதும் படம் நின்று விடும், புள்ளி மட்டும் நிற்கும். அந்தப் படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக் கொண்டால் பிரச்சனை தீர்ந்தது.

கம்ப்யூட்டரில் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து, உங்கள் ஜிமெயில் கணக்கில் நுழையுங்கள். போனிலும் அதே கணக்கு இருக்க வேண்டும், இது முக்கியம். இப்போது போக வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி, 'சேவ்' பட்டனைக் கிளிக் செய்து ஒரே பட்டியலில் சேருங்கள். பெரிய திரை என்பதால் எந்த இடம் எதற்குப் பக்கம் என்று ஒரே பார்வையில் தெரியும். இந்தப் பட்டியல் தானாகவே போனுக்கும் வந்து விடும்.

தேடும்போதுதான் இந்த எல்லைப் பகுதியின் வேடிக்கை ஆரம்பிக்கும். 'ஓசூர்' என்றால் கன்னடத்தில் புது ஊர். அதனால் கர்நாடகாவில் இதே பெயரில் ஏகப்பட்ட ஊர்கள் உண்டு. கூடவே 'தமிழ்நாடு' என்று சேர்த்துத் தேடுங்கள். கே.ஆர்.பி. அணை என்பது கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் தென்பெண்ணை ஆற்றில் இருப்பது. ஓர் எழுத்து மாறி கே.ஆர்.எஸ். என்று அடித்தால் மைசூர் பக்கம் காவிரி அணைக்குக் கொண்டு போய் விட்டுவிடும். தளி என்ற மலையோர ஊரை ஆங்கிலத்தில் அவசரமாக அடித்தால், சாப்பாட்டுத் தட்டு படம் போட்ட ஹோட்டல்கள் வரிசையாக வரும்! தமிழிலேயே டைப் செய்து பாருங்கள், பல நேரம் சரியாக வருகிறது. பழைய ரோடு மேப் புத்தகமோ சி.டி.யோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதில் என்.எச். 7 என்று இருப்பதுதான் இப்போதைய என்.எச். 44. எண்கள் 2010-ல் மாற்றப்பட்டன.

பட்டியலில் எதைச் சேர்க்கலாம்? ஓசூரில் குன்றின் மேலுள்ள சந்திரசூடேஸ்வரர் கோயில், கெலவரப்பள்ளி அணை. பக்கத்திலேயே தொரப்பள்ளி. 1878-ல் ராஜாஜி பிறந்த வீடு அங்கே நினைவு இல்லமாக இருக்கிறது. சின்ன வீடு, அரை மணி நேரம் போதும். பிறகு ராயக்கோட்டை. 1791-ல் திப்பு சுல்தானுடன் நடந்த போரில் ஆங்கிலேயர் பிடித்த மலைக்கோட்டை. எனக்கு இந்தப் பகுதியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கிருஷ்ணகிரி நகரின் கோட்டை மலையும் நன்றாக இருக்கும். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் ஏற நினைக்காதீர்கள், மறுநாள் முழங்கால் வேறு கதை சொல்லும்.

ஏறும் உயரத்தை முன்கூட்டியே பார்க்க, கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் இருக்கிறது. இலவசம்தான். இடத்தைத் தேடிப் படத்தைச் சாய்த்துப் பார்த்தால் மலையின் செங்குத்து தெரியும். மவுஸை நகர்த்தினால் அந்த இடத்தின் உயரம் காட்டும். ஓசூர் சுமார் 900 மீட்டர், கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். ஓசூரில் ஸ்வெட்டர் போட்டுக் கிளம்பியவர்கள் கிருஷ்ணகிரியில் ஏன் வியர்க்கிறார்கள் என்பது இப்போது புரியும். அப்படியே ஓசூரைச் சுற்றிப் பாருங்கள். வயல்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக நீளமான சதுரங்கள் தெரிகிறதா? ரோஜா வளர்க்கும் பசுமைக் குடில்கள் அவை. காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் பூக்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அடுத்து நேரம். இது தொழிற்சாலை ஊர். ஷிப்ட் மாறும் நேரத்தில் சிப்காட் பக்கமும், வார இறுதி மாலைகளில் அத்திப்பள்ளி எல்லையிலும் மாட்டிக் கொண்டால் போட்ட திட்டம் காலி. கம்ப்யூட்டரில் வழி கேட்கும்போது 'லீவ் நவ்' என்று இருப்பதை 'டிபார்ட் அட்' என்று மாற்றி, கிளம்பும் நாளையும் நேரத்தையும் கொடுங்கள். வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லும். ரயிலில் வருகிறவர்கள் கவனிக்கவும், கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையம் கிடையாது. ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் உண்டு.

இனி டவுன்லோடு. இதைக் கம்ப்யூட்டரில் செய்ய முடியாது, போன் ஆப்பில்தான் முடியும். வீட்டு வைஃபையில் போனை இணைத்து, மேப்ஸ் ஆப்பில் உங்கள் படத்தைத் தொட்டு 'ஆஃப்லைன் மேப்ஸ்' போங்கள். 'செலக்ட் யுவர் ஓன் மேப்' என்பதைத் தொட்டால் ஒரு பெட்டி வரும். பெங்களூருவின் தெற்குப் பகுதி முதல் ஒகேனக்கல் வரை அதற்குள் அடங்கும்படி பெரிதாக்கி டவுன்லோடு கொடுங்கள். எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அதிலேயே காட்டும். இறக்கிய பிறகு, ஏரோப்ளேன் மோடு போட்டு மேப்பைத் திறந்து சோதித்துப் பாருங்கள். நாங்கள் செய்யாமல் விட்டது இதைத்தான். ஆஃப்லைனில் கார் வழி மட்டுமே கிடைக்கும். நடக்கும் வழியும் டிராபிக் நிலவரமும் வராது.

மேப்புக்குத் தெரியாத விஷயமும் உண்டு. அது தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போடும், யானையைக் கணக்குப் போடாது. ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு காடுகளுக்கு வருவது ஆண்டுதோறும் நடப்பது. அஞ்செட்டி வழி அழகானதுதான். ஆனால் பகலில் போங்கள், இருட்டும் முன் காட்டைத் தாண்டி விடுங்கள். திரும்பும்போது நேரமாகி விட்டால் தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாகச் சுற்றி வருவதே நல்லது. போன் பேச முடிந்து இன்டர்நெட் மட்டும் இல்லாத இடங்களில், மேப்பில் நீங்கள் நிற்கும் இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். ஓசூருக்கு 12.74, 77.83 என்பது போல. அதை எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பினால் வீட்டில் இருப்பவர் கம்ப்யூட்டரில் அப்படியே அடித்து உங்களைக் கண்டுபிடித்து விடலாம். அவசரத்துக்கு 112. எந்த மாநிலத்திலும் இதே எண்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் நட்சத்திரங்களை மட்டும் நம்பாதீர்கள். விமர்சனங்களை 'நியூயஸ்ட்' என்று வரிசைப்படுத்தி, கடைசி இரண்டு மாதம் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று வருடம் முன்பு வாங்கிய நல்ல பெயரில் ஓடும் ஹோட்டல்கள் நெடுஞ்சாலையில் நிறைய. இந்தப் பக்கத்துக்கென்று உள்ளது ராகிக் களி. எல்லைக்கு அந்தப் பக்கம் அதுவே முத்தே. 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டாக இருந்த பிறகு ராகி தோசை, சாமைப் பொங்கல் என்று போர்டு வைக்கும் கடைகள் பெருகி விட்டன. களியை விட விலை கூட, ருசி கூட என்று சொல்ல மாட்டேன். மே முதல் ஜூலை வரை போனால் கிருஷ்ணகிரி மாம்பழம். இங்கே அதிகம் விளையும் கிளிமூக்கு ரகத்துக்கு 'பெங்களூரா' என்று பெயர். பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்குப் போய் விடும், சாலையோரக் கடைகளில் மற்ற ரகங்களையும் கேட்டு வாங்குங்கள்.

எல்லை தாண்டினால் பஸ் போர்டுகள் பலவும் கன்னடத்தில் இருக்கும். கூகுள் டிரான்ஸ்லேட் ஆப்பில் கன்னடத்தையும் ஆஃப்லைனுக்கு இறக்கிக் கொள்ளலாம். கேமராவைப் போர்டுக்கு நேரே பிடித்தால் போதும்.

கையில் எடுத்துப் போக வேண்டியதில் முதலிடம் பவர் பேங்குக்கு. சிக்னல் குறைவான இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும். அங்கே ஏரோப்ளேன் மோடு போட்டு வைத்தாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். 10000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 5000 எம்.ஏ.எச். போனை இரண்டு முறை நிரப்பும் என்று கணக்குப் போடாதீர்கள். மின்சாரத்தை மாற்றும்போது ஏற்படும் இழப்பு போக ஒன்றரை முறைதான் வரும். காரில் ஒரு யு.எஸ்.பி. சார்ஜரும், போனைப் பொருத்தும் ஸ்டாண்டும் இருக்கட்டும். கேபிளை முந்தின நாளே சோதித்து விடுங்கள். பாதி நேரம் பழுது கேபிளில்தான்.

திரும்பி வந்ததும் போனைக் கம்ப்யூட்டரில் இணைத்து, போன் திரையில் 'ஃபைல் டிரான்ஸ்பர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் சார்ஜ் மட்டும் ஏறும், போட்டோ தெரியாது. டி.சி.ஐ.எம். போல்டரில் உள்ள படங்களைத் தேதி போட்ட புதிய போல்டருக்கு காப்பி செய்யுங்கள். 'கட்' செய்யாதீர்கள். பாதியில் வயர் கழன்றால் படம் எந்தப் பக்கமும் இருக்காது. எல்லாம் கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று பார்த்து, பென்டிரைவிலும் ஒரு பிரதி எடுத்த பிறகு போனில் இருப்பதை அழிக்கலாம்.