நெடுநாள் நின்ற மோட்டார் இயந்திரம்: வால்வுப் பழுதை அறியும் முறை

பாலக்காட்டுக் கணவாயை அடுத்த ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்து மூணாறு, பீர்மேடு, உடும்பஞ்சோலைப் பகுதிகளிலும் பழைய ஜீப்புகளும் அம்பாசடர் கார்களும் பல்லாண்டுகள் ஓடாமல் கொட்டகைகளில் நிற்பதுண்டு. அவற்றை மீண்டும் ஓட்ட விரும்புவோர் பலர், புதிய பாட்டரியைப் பொருத்தி உடனே ஸ்டார்ட்டரை இயக்கிவிடுகின்றனர். ஆண்டுக்கணக்கில் நின்றதால் நேராத கேடு அச்சில நொடிகளில் நேர்ந்துவிடக்கூடும். பழுதின் இடத்தை அறிந்த பின்னரே இயந்திரத்தைச் சுழற்றுதல் வேண்டும்.

நான்கு சிலிண்டர் இயந்திரம் எந்நிலையில் நின்றாலும், அதன் வால்வுகளுள் சில திறந்தே இருக்கும். அவ்வழியே ஈரக்காற்று உட்புகுகின்றது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றில் பருவமழையும் மூடுபனியும் காற்றை ஈரமாகவே வைத்திருக்கின்றன. இரவில் குளிர்ந்த உலோகத்தின்மீது காலையில் ஈரக்காற்று படும்போது நீராவி துளிகளாகப் படிகின்றது. இதனால் வால்வின் தண்டு அதன் வழிகாட்டிக் குழலில் துருப்பிடித்து இறுகுகின்றது. வால்வு அமரும் இருக்கையும் அரிக்கப்படுகின்றது. பழைய பெட்ரோலின் பிசினும் தண்டில் ஒட்டிக்கொள்கின்றது. ரேடியேட்டரில் தேங்கிய நீர் ஹெட்டையும் காஸ்கெட்டையும் அரித்துச் சிலிண்டருக்குள் கசியலாம். நீர் அமுங்காதாகையால், அந்நிலையில் ஸ்டார்ட்டரை இயக்கினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

முதற்கண் ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிதளவு எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுதல் வேண்டும். பின்னர் கைப்பிடியால் மெதுவாகச் சுழற்றுக. தடை தோன்றின், வலிந்து திருப்பலாகாது.

அடுத்து, இயந்திரத்தின் வகையை அறிதல் வேண்டும். 1959 முதல் அம்பாசடரில் பொருத்தப்பட்ட இயந்திரத்தில் வால்வுகள் ஹெட்டில் அமைந்தவை. மேல்மூடியைக் கழற்றியதும் ராக்கர்களின் அசைவை நேரில் காணலாம். பழைய வில்லீஸ் ஜீப்பின் பக்கவால்வு இயந்திரத்தில் அவை சிலிண்டர் பிளாக்கிலேயே உள்ளன. ஆதலின் பக்கவாட்டு மூடியைத் திறந்து நோக்க வேண்டும். சுழற்றும்போது ஒரு வால்வு திறந்தபின் மேடாது நின்றால் அது இறுகியுள்ளது எனத் தெளியலாம். ஒரு வால்வின் இடைவெளி மட்டும் அளவுக்கு மிஞ்சியிருப்பின், அது இறுகியதாகவோ, அதன் புஷ் ராட் வளைந்ததாகவோ இருக்கலாம். இடைவெளியே இல்லையெனில் வால்வு இருக்கையில் புதைந்துள்ளது எனக் கருதலாம்.

வால்வுகள் யாவும் தடையின்றி அசைந்தால், கார்புரேட்டரின் காற்றுவழியை முழுதும் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். ஒன்றில் மட்டும் அழுத்தம் குறைந்தால், அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கலாம். அழுத்தம் உயர்ந்தால் தேய்வு பிஸ்டன் ரிங்குகளில். உயராவிடில் வால்விலோ காஸ்கெட்டிலோ ஆகும். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஒருங்கே குறைந்தால், அவற்றிற்கு இடைப்பட்ட காஸ்கெட் பழுதுற்றிருக்கலாம்.

இவ்வையத்தைத் தீர்க்க, அமுக்கநிலையின் உச்சியில் பிஸ்டனை நிறுத்திக் காற்றைச் செலுத்துவர். சீறல் கார்புரேட்டரில் கேட்டால் உட்செலுத்து வால்விலும், சைலன்சரில் கேட்டால் வெளியேற்று வால்விலும், எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்குகளிலும் கசிவு உண்டு. ரேடியேட்டரில் குமிழ் எழுந்தால் காஸ்கெட்டோ ஹெட்டோ பழுதாகும். அதன்பின்பே ஹெட்டைக் கழற்றி, நேர்விளிம்புக் கோலும் ஃபீலர் கேஜும் கொண்டு தளத்தின் வளைவை அளத்தல் தகும்.

பழுது நீங்கிய பின்னும் எரிபொருளில் கருத்து வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் முற்றிலும் நீக்கப்பட்டது. ஈயம் தந்த பாதுகாப்பு இன்றி, பழைய வார்ப்பிரும்பு இருக்கைகள் கடும் ஓட்டத்தில் தேயக்கூடும். எத்தனால் கலந்த எரிபொருள் ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. எனவே வண்டியை நெடுநாள் நிறுத்துமுன் தொட்டியைக் காலி செய்வது நலம்.

அம்பாசடரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. தவறாக ஊகித்து உடைக்கும் ஒவ்வோர் உறுப்பும் இனி எளிதில் கிடைப்பதன்று. தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் மாணவர்க்கு முதலில் கற்பிக்க வேண்டுவது கழற்றும் திறனன்று. காணவும், கேட்கவும், அளக்கவும் வல்ல பொறுமையே ஆகும்.