பரணில் கிடந்த பிரேக் சிலிண்டர்: மாட்டலாமா, வேண்டாமா?

தாராவி 90 அடி சாலையோரம் ஒரு பழைய பிரீமியர் பத்மினி கார் நிற்கும். சொந்தக்காரர் திருநெல்வேலிச் சீமைக்காரர். டாக்சி ஓட்டிப் பிழைத்தவர். மும்பையின் கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டன. இது சொந்த வண்டி என்பதால் இன்னும் ஓடுகிறது. ஓடுகிறது என்றால், மாதத்தில் நாலு நாள்!

அண்மையில் அதன் பிரேக் பெடல் மக்கர் செய்தது. சிக்னலில் மிதித்துக்கொண்டு நின்றால், பெடல் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். வெளியே எண்ணெய்க் கசிவு இல்லை. "மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது" என்றார் மெக்கானிக்.

"கவலைப்படாதீக தம்பி. பரண்ல ஒண்ணு கெடக்கு. கம்பெனி மூடப் போறான்னு கேள்விப்பட்டு வாங்கிப் போட்டது. பொட்டலமே பிரிக்கல, புதுசு!" என்றார் அண்ணாச்சி.

அவர் மகள் புனாவில் இருக்கிறாள். அந்த வாரம் காரில் போவதாகத் திட்டம். திரும்பும்போது கண்டாலா மலை இறக்கம். துணைக்கு நானும் போவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பிரிக்காதது புதுசா?

எங்கள் ரயில்வேயில் பிரேக் ரப்பர் சாமான்களில் தயாரித்த தேதி பதித்திருக்கும். கிடங்கில் எவ்வளவு காலம் வைக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. ரப்பருக்குப் பொட்டலத்துக்குள்ளேயே வயதாகும்.

பெடலை மிதித்தால் சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர்ந்து, எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்பது சிறிய ரப்பர் வாஷர். அது விட்டுக்கொடுத்தால் பெடல் இறங்கும், வண்டி நிற்காது.

மெக்கானிக் பொட்டலத்தைப் பிரித்தார். வெளியே பளபளப்பு. வாஷரை விரலால் மடக்கினார், விளிம்பில் வெடிப்பு. "இது போகட்டும், புது கிட் போடலாம்" என்றவர், குழாயின் உட்புறத்தைத் துடைத்து டார்ச் அடித்தார். பழுப்புக் கறை துணியோடு வந்துவிட்டது. ஆனால் வாஷர் உரசும் இடத்தில் இரண்டு சின்னக் குழிகள். சுண்டுவிரல் நகம் அங்கே தட்டியது. பல மழைக்காலத்து ஈரக்காற்றின் வேலை.

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா போச்சு" என்றார் அண்ணாச்சி. மெக்கானிக் தலையை ஆட்டினார். கறை போகும், குழி போகாது. குழி மறையும்வரை தேய்த்தால் துளை அகன்றுவிடும், வாஷர் பிடிக்காது. லேத்தில் கடைந்து உள்ளே சிலீவ் இறக்கினால்தான் உண்டு என்றார்.

அண்ணாச்சிக்கு முகம் விழுந்துவிட்டது. சவாரிக் காசில் மிச்சம் பிடித்து வாங்கியதாயிற்றே!

வீட்டில் இப்படிப் போட்டு வைத்திருப்பவர்கள் அதிகம். பம்பர், கதவுக் கைப்பிடி, கண்ணாடி கெட்டுப் போகாமலிருந்தால் தயங்காமல் மாட்டலாம். பேரிங்கைக் கெரசினில் கழுவிச் சுற்றிப் பார்க்க வேண்டும். சொரசொரப்பு இல்லையென்றால் புது கிரீஸ் போதும். பெல்ட், ஹோஸ் பைப் எல்லாம் பழசானால் குப்பைக்குத்தான். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரத் தயாரிப்பு. பிரேக் ரப்பரை மட்டும் பெட்ரோல், கெரசினில் கழுவாதீர்கள், ஊதிவிடும்.

சிலிண்டர் இப்போது குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் இருக்கிறது. புனாவுக்கு நாங்கள் டெக்கான் குயீனில் போய்வந்தோம். போகும்போதும் வரும்போதும் அண்ணாச்சி என்னோடு சரியாகப் பேசவில்லை.