ஏரி விட்டுச்சென்ற மேடு

ரொறன்ரோ தட்டையான ஊர் என்றுதான் இங்கே வந்து குடியேறிய பலரும் சொல்வார்கள். 401 நெடுஞ்சாலையில் ஸ்காபரோவுக்கும் பிராம்டனுக்கும் காரில் ஓடித்திரிகிறவர்களுக்கு வேறெப்படித் தோன்றும்? டூபாண்ட் சப்வே நிலையத்தில் இறங்கி, ஸ்பாடைனா வீதியில் வடக்கே நடந்து பாருங்கள். ரயில் பாலத்தின் கீழே புகுந்து, நகர ஆவணக் காப்பகத்தையும் தாண்டினால் டேவன்போர்ட் வீதி குறுக்கே வரும். அதற்கு அப்பால் மரம் அடர்ந்த மேடு ஒன்று செங்குத்தாக எழுந்து நிற்கிறது. நேராக வந்த தெரு அங்கே நின்றுவிடுகிறது. மேலே போக 110 படிகள்.

இந்த மேடு ஒரு பழைய ஏரியின் கரை. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய ஒன்ராறியோ ஏரியைவிடப் பெரியதும் உயரமானதுமான ஓர் ஏரி இங்கே இருந்தது. இரோக்குவா ஏரி என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கைப் பனிப்பாறை அடைத்துக்கொண்டதால் தண்ணீர் அந்த வழியே கடலுக்குப் போக முடியாமல் தேங்கி, ஹட்சன் ஆற்றுப் பக்கமாக வழிந்தது. பனி உருகி வழி திறந்ததும் ஏரி வடிந்தது. அலை அரித்த கரை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இன்றைய ஏரி இங்கிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. அந்தப் பழைய கரை கிழக்கே நம் சனம் நிறைந்த ஸ்காபரோ வழியாகவும் போகிறது.

இந்த நகரத்துத் தெருக்கள் பெரும்பாலும் கோடு போட்டதுபோல் நேரானவை. டேவன்போர்ட் மட்டும் வளைந்து வளைந்து போகும். காரணம், அது அளவையாளர் வரைந்த வீதி அல்ல. மேட்டின் அடிவாரத்தை ஒட்டி மனிதக் கால்கள் போட்ட பாதை. ஹம்பர் ஆற்றுக்கும் டொன் ஆற்றுக்கும் இடையே பூர்வகுடி மக்கள் நெடுங்காலம் நடந்த தடம் அது. அனிஷினாபே மொழியில் கெட்டே-ஒனிகாமிங் என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரைத் தாங்கிய பலகைகள் இப்போது இந்த வீதியில் இருக்கின்றன. நின்று வாசியுங்கள். ரொறன்ரோ என்றொரு நகரம் வருவதற்கு எவ்வளவோ முந்தையது இந்த வழி.

இதே வீதியில் 19ஆம் நூற்றாண்டில் சுங்கம் வசூலித்தார்கள். பாதர்ஸ்ட் சந்திக்கு அருகே, 1830களில் எழுந்த சுங்கக்காரரின் சிறு மரவீடு 2008 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பலகைகளைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டிய சுவர். யாரும் காசு கேட்காமல் தலைமுறை தலைமுறையாக நடந்த பாதையை மறித்து, போகிறவனிடம் கட்டணம் கேட்டிருக்கிறார்கள். நிலம் கைமாறிய வரலாற்றை இத்தனை எளிதாக விளங்கவைக்கும் இன்னொரு கட்டடத்தை இந்த ஊரில் நான் கண்டதில்லை.

இனிப் படிகளுக்கு வருவோம். பால்ட்வின் படிகள் என்று பெயர். காலையில் உடற்பயிற்சிக்காக ஏறி இறங்குகிறவர்கள் மூச்சுவாங்கிக்கொண்டு போவார்கள். பாதியில் நின்று திரும்பினால், கீழே கூரைகளும் அவற்றுக்குப் பின்னால் சி.என். கோபுரமும் தெரியும். இந்த இடத்தின் கீழே சுரங்கம் குடைந்து, நகர மையம்வரை ஓர் அதிவேக நெடுஞ்சாலையைக் கொண்டுபோகத் திட்டமிட்டிருந்தார்கள். ஸ்பாடைனா நெடுஞ்சாலை என்ற அந்தத் திட்டம் நிறைவேறியிருந்தால் பல குடியிருப்புகள் இடிபட்டிருக்கும். குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள். 1968இல் நியூயோர்க்கிலிருந்து வந்து குடியேறிய நகரவியல் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் அவர்களோடு சேர்ந்துகொண்டார். 1971 ஜூன் 3ஆம் தேதி மாகாண முதல்வர் பில் டேவிஸ் திட்டத்தை நிறுத்தினார். அலன் வீதி எக்ளிங்டனில் வந்து சட்டென்று முடிந்துபோவது ஏன் என்று அங்கே நெரிசலில் நிற்கும்போதெல்லாம் கேட்பீர்களே, காரணம் இதுதான். அந்தப் பெருஞ்சாலை வராத தெற்குப் பகுதிக்கு 1978இல் சப்வே வந்தது. டூபாண்ட் நிலையம் அப்போது திறந்ததே.

படியேறி முடித்தால் வலப்புறம் ஸ்பாடைனா மாளிகை, இடப்புறம் காசா லோமா கோட்டை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் நயாகராவுக்கு அடுத்து நாம் கூட்டிப்போவது காசா லோமாவுக்குத்தான். நான் முதலில் மாளிகைக்குப் போகச் சொல்வேன். அனுமதி இலவசம்.

மருத்துவர், வழக்கறிஞர், கட்டடக் கலைஞர் என்று மூன்று தொழிலும் பார்த்த வில்லியம் பால்ட்வின் 1818இல் இங்கே முதல் வீட்டைக் கட்டினார். கீழே ஏரிப் பக்கமாக 132 அடி அகலத்தில் ஒரு பெருந்தெருவையும் வகுத்தார். இன்றைய ஸ்பாடைனா அவென்யூ அதுதான். 1866இல் இடத்தை வாங்கிய ஜேம்ஸ் ஆஸ்டின், டொமினியன் வங்கியை நிறுவியவர், எரிவாயு நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தவர். அவர் கட்டிய வீடுதான் இப்போது நிற்பது. அதில் செடிகள் வளர்க்கும் கண்ணாடி அறை ஒன்று உண்டு. அதன் தரையில் ஒரு கதவு. தோட்டக்காரர் வீட்டுக்குள் நுழையாமல், கீழிருந்து அந்தக் கதவு வழியே ஏறிவந்து செடிகளைப் பார்த்துக்கொண்டு அப்படியே இறங்கிப் போக வேண்டும். அந்தத் தரைக்கதவு முன்னால் நின்றபோது, தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாக்களின் பின்வாசல்கள் நினைவுக்கு வந்து மனம் கனத்தது.

பக்கத்து மேட்டில் காசா லோமாவைக் கட்டியவர் மின்சாரத் தொழிலதிபர் சர் ஹென்றி பெலட். நகரத் தெருவிளக்குகளுக்கு மின்சாரம் கொடுத்து, பிறகு நயாகரா நீர்மின்சாரத்திலும் முதலிட்டுப் பெரும் பணம் சேர்த்தவர். 1911இல் வேலை தொடங்கிய காசா லோமாவில் 98 அறைகள். செலவு சுமார் 35 லட்சம் டாலர். வடிவமைத்தவர், பழைய நகர மண்டபத்தைக் கட்டிய ஈ. ஜே. லெனொக்ஸ். ஆனால் மின்சாரம் பொதுச்சொத்தாக வேண்டும் என்று ஆடம் பெக் என்பவர் நடத்திய இயக்கம் வென்றது. போர் வந்தது, நிலவணிகம் சரிந்தது, 1923இல் ஹோம் வங்கி முறிந்தது. பெலட் பத்தாண்டுகூட அங்கே வாழவில்லை. வரிபாக்கிக்காக 1933இல் நகரசபை கோட்டையை எடுத்துக்கொண்டது. இரண்டாம் உலகப்போரில், மேலே உல்லாசப் பயணிகள் உலாவ, குதிரை லாயப் பகுதியில் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் கருவிகளை ரகசியமாகச் செய்திருக்கிறார்கள். தெருவுக்கு அடியால் லாயத்துக்குப் போகும் நீண்ட சுரங்கத்தைத் தவறவிடாதீர்கள்.

கூட்டம் இங்கேயே திரும்பிவிடும். நீங்கள் மேற்கே நடங்கள். பாதர்ஸ்டைக் கடந்தால் விச்வுட் பார்க். ஓவியர் மார்மடூக் மத்தியூஸ் தொடங்கிய குடியிருப்பு. தெருக்கள்கூடக் குடியிருப்பாளர்களுக்கே சொந்தம். நடந்து போகிறவர்கள் அமைதி காத்தால் போதும். நடுவே ஒரு குளம் இருக்கிறது. நகரத்துக்குள் 1880களில் மண்ணுக்கடியில் குழாய்க்குள் புதைக்கப்பட்ட டாடில் ஓடையை வெளிச்சத்தில் பார்க்க எஞ்சிய இடம் இது. ஊடகச் சிந்தனையாளர் மார்ஷல் மக்லூகன் 1968 முதல் 1980இல் இறக்கும்வரை இங்கேதான் வாழ்ந்தார். ஜேக்கப்ஸும் அவரும் சேர்ந்து அந்த நெடுஞ்சாலைக்கு எதிராக ஒரு குறும்படமே உருவாக்கினார்கள்.

இன்னும் வடக்கே, பழைய டிராம் கொட்டகைகளைக் கலைஞர் வீடுகளாகவும் சந்தையாகவும் மாற்றியிருக்கிறார்கள். முதல் கொட்டகை 1913இல் கட்டியது. சனிக்கிழமை காலைகளில் விவசாயிகள் காய்கறி கொண்டுவருவார்கள்.

முழங்கால் வலி உள்ள அம்மம்மாவையோ தாத்தாவையோ கூட்டிப்போகிறவர்கள் இந்த வழியைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம். செயின்ட் கிளேர் வெஸ்ட் நிலையத்தில் இறங்கினால் ஏற்கெனவே மேட்டின் மேலே இருப்பீர்கள். அங்கிருந்து தெற்கே நடந்து மாளிகையையும் கோட்டையையும் பார்த்துவிட்டு, படிகளில் கைப்பிடியைப் பற்றி நிதானமாக இறங்கினால் டூபாண்ட் நிலையம் பக்கத்தில். பனிக்காலத்தில் மட்டும் அந்தப் படிகள் வேண்டாம், வழுக்கும்.