தோட்டாவின் எண்ணும் குழலின் துளையும்

சிக்கந்தராபாத் இராணுவப் பாளையத்தை அடுத்த மாரெட்பள்ளியினருக்கு ‘303’ துப்பாக்கி புதிதன்று. இவ்வெண் குழலின் உள்விட்டம், 0.303 அங்குலம், அதாவது 7.7 மி.மீ. 1960-களில் இச்சாபூரில் செய்த 7.62 மி.மீ. துப்பாக்கியும் தோற்றத்தில் அதனை ஒத்ததே. எனினும் 303 தோட்டா அதற்கு ஆகாது.

வேட்டைத் துப்பாக்கியின் ‘12 போர்’ வேறு கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் விட்டமே குழலின் விட்டம், ஏறத்தாழ 18.5 மி.மீ. ஆகவே எண் பெருகத் துளை சிறுக்கும். 20 போரின் துளை 15.6 மி.மீ. மட்டுமே. இது விந்தையான முறைதான், விபத்துக்கும் இடமளிப்பது. 20 போர்த் தோட்டா 12 போர்க் குழலுள் வழுக்கிச் சென்று, அறையைக் கடந்து சிக்கிக்கொள்ளும். அறை காலியெனக் கருதி 12 போர்த் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். இதன்பொருட்டே 20 போர்த் தோட்டாவின் உறை வழக்கமாக மஞ்சள் நிறத்தில் அமைகிறது. குழலிற் பொறித்த எண்ணைத் தோட்டாவின் அடியிலுள்ள எண்ணுடன் ஒப்பிட்ட பின்னரே இடுதல் வேண்டும்.