புனே வெயிலும் ஃபெரட்டின் பருவமும்

பெண் ஃபெரட் பருவத்துக்கு வந்து, இணை சேராமலே இருந்துவிட்டால் செத்துப்போகக்கூடும். செல்லமாக வளர்க்க அதை வாங்குகிறவர்களில் பலருக்கு இது தெரியாது.

நாய்க்குப் பருவம் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். ஃபெரட்டுக்கு அப்படி அடங்காது. ஆணோடு சேர்ந்தால்தான் சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறும். அதுவரை ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டே இருக்கும். வாரக்கணக்கில் இது நீடித்தால் அந்த ஹார்மோனே எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் குறையும். வளர்ப்பவர் கண்ணில் படுபவை சின்ன அடையாளங்கள்தான்: வால் பக்கம் முடி உதிரும், ஈறு வெளிறும், வயிற்றுத் தோலில் ஊசி குத்தியதுபோல் ரத்தப் புள்ளிகள் தெரியும். அப்போது மருத்துவரிடம் ஓடினாலும் பல சமயம் காலம் கடந்திருக்கும்.

இந்தப் பருவத்தைத் தொடங்கிவைப்பது வெளிச்சம். இரவு நீளமாக இருந்தால் மூளையின் பினியல் சுரப்பி மெலடோனினை நிறையச் சுரக்கும். இரவு குறுகக் குறுக அது குறைந்து, இனப்பெருக்க ஹார்மோன்கள் தலைதூக்கும். ஃபெரட்டின் மூதாதை ஐரோப்பியப் போல்கேட்; நம் நீர்நாய்க்கு உறவு. முயல் வேட்டைக்காக மனிதர் அதைப் பழக்கி ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகிறது. அந்த ஐரோப்பிய வெளிச்சத்துக்குப் பழகிய உடல் அது: லண்டனில் டிசம்பர் பகல் 8 மணி நேரம்கூட இல்லை, ஜூன் பகலோ பதினாறரை மணி நேரம். புனேயில் 11 மணி நேரத்துக்கும் 13 மணி நேரத்துக்கும் சற்றே முன்பின்னாகப் பகல் ஊசலாடுகிறது, அவ்வளவுதான். அதோடு புனேயின் கோத்ருட் பகுதி அடுக்குமாடி வீட்டில் இரவு 11 மணிவரை விளக்கு எரிந்தால், அந்த உயிருக்குக் குளிர்காலம் என்ற ஒன்றே வராது.

வெயிலும் அதற்கு எதிரி. வியர்த்துத் தணியும் திறன் இல்லாத உடல் அது. 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே ஆபத்து. புனேயில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியை நெருங்கும் நாட்கள் உண்டு. வசந்தத்தில் சினைப்பட்டால் 42 நாள் கர்ப்பமும் பாலூட்டலும் சரியாக அந்த வெயிலில் விழும். ஓர் ஈற்றில் சராசரியாக 8 குட்டிகள், ஒவ்வொன்றும் சுமார் 10 கிராம். கண் திறக்க ஐந்து வாரம் ஆகும். தாய் மிரண்டால் குட்டிகளையே தின்றுவிடுவதும் உண்டு. ஏசியை நம்பி இருப்பவர் மின்தடைக்கும் வழி வைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் கருத்தடை செய்துவிடலாமே என்று தோன்றும். அமெரிக்காவின் பெரிய பண்ணைகள் சில வாரக் குட்டிகளுக்கே அதைச் செய்தன. இனப்பெருக்கச் சுரப்பிகள் இல்லாதபோது பிட்யூட்டரியின் கட்டளைகள் தடையின்றி அட்ரீனலைத் தூண்ட, நடுவயதில் அட்ரீனல் நோய் வருகிறது; சீக்கிரமே செய்த கருத்தடையை மருத்துவர்கள் இந்த நோயோடு தொடர்புபடுத்துகிறார்கள். அதனால் ஐரோப்பாவில் டெஸ்லோரெலின் என்ற மருந்துத் துண்டைத் தோலுக்கடியில் பதிக்கிறார்கள். பிரிட்டனில் விந்துக்குழாய் துண்டித்த ஆணோடு சேர்த்து, கருத்தரிக்காமலே பருவத்தை அடக்கும் வழக்கமும் உண்டு. இதில் எதைச் செய்வது என்பதை, பெண் ஃபெரட்டை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி முடிவுசெய்துவிட வேண்டும்.

அழகுக்காகச் செய்யும் தேர்வுதான் என்னை மிகவும் வருத்துகிறது. தலை வெளுத்த 'பாண்டா' வகைக்கும் நெற்றியில் வெள்ளைக் கோடு ஓடும் வகைக்கும் கிராக்கி அதிகம். நிறமி செல்கள் தோலுக்கு மட்டும் நிறம் தருவதில்லை. உட்காதின் நத்தைச்சுருளிலும் அவை இருந்தால்தான் கேட்கும் செல்கள் வேலை செய்யும். கருவிலேயே அவை காதுவரை போய்ச் சேராவிட்டால் குட்டி செவிடாகிவிடும். 2014-ல் வெளியான ஓர் ஆய்வு 152 வளர்ப்பு ஃபெரட்களைச் சோதித்ததில் 29 சதவீதத்துக்குச் செவித்திறன் குறை இருந்தது. தலை வெளுத்த வகைகளில்தான் அது மிக அதிகம். வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் நாய்களில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

நாய் இனப்பெருக்கத்துக்கு 2017-ல் மத்திய அரசு தனி விதிகள் வகுத்தது. ஃபெரட்டுக்கு அப்படி இல்லை. 2018-ன் செல்லப்பிராணிக் கடை விதிகள் கடைக்காரரைப் பதிவுசெய்யச் சொல்கின்றன, பால்குடி மறக்காத குட்டியை விற்கத் தடை விதிக்கின்றன. வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் முழு ஏற்பாடு இல்லாத வீட்டில் ஃபெரட்டை ஈன விடுவதை நான் ஏற்கமாட்டேன். குட்டி வாங்கப் போகிறவர் விற்பவரிடம் நேராகவே கேட்கலாம்: தாயைப் பார்க்க முடியுமா, அதற்குக் காது கேட்குமா, போன மே மாதம் அது எந்த அறையில் இருந்தது, என்னால் வளர்க்க முடியாமல் போனால் இந்தக் குட்டியை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?